ஃப்ரீலான்சரின் விடுமுறைக்கு யார் சம்பளம் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொது விடுமுறை நாளில் ஃப்ரீலான்சர்கள் வேலை பார்க்கலாமா, கூடாதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் ‘அது அவரவர் இஷ்டம்’ என்று முடித்துவிடுகிறோம். இஷ்டத்துக்கு விட்டால் பெரும்பாலானவர்கள் அன்றைக்கும் வேலைதான் பார்ப்பார்கள். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாளிலும் சம்பளம் உண்டு. ஃப்ரீலான்சருக்கு அன்றைய வரவு பூஜ்ஜியம். இந்த ஒரு காரணத்தைச் சரிசெய்யாமல் ‘ஓய்வு எடுங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் பயன் இல்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132-வது உடன்படிக்கை (1970) ஆண்டுக்குக் குறைந்தது 3 வாரம் ஊதியத்துடன் விடுப்பு தரவேண்டும் என்கிறது. பொது விடுமுறை நாள்களை அந்த 3 வாரத்தில் சேர்த்துக் கழிக்கக் கூடாது என்றும் தனியாகச் சொல்கிறது. ஆனால், அது ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கானது. முதலாளி என்று யாரும் இல்லாதவர் அந்த ஊதியத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே இடம் அவருடைய மணிக் கட்டணம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 365 நாளில் வாரத்துக்கு 2 நாள் வீதம் 104 போனால் 261. பொது விடுமுறை 12, சொந்த விடுப்பு 15, உடம்புக்கு முடியாத நாள் 7 என்று வைத்தால் மிஞ்சுவது 227 நாள். ஒரு நாளில் பில் போடக்கூடிய நேரம் 5 மணி இருந்தாலே நல்ல நிலைமை. மற்ற நேரம் விலைப்புள்ளி அனுப்புவது, மின்னஞ்சல், வரிக் கணக்கு, புதிதாக எதையாவது கற்றுக்கொள்வது என்று போய்விடும். ஆக, ஆண்டுக்கு 1,135 மணி நேரம். வீட்டுக்கு வேண்டிய பணம், தொழில் செலவு, வரி மூன்றையும் கூட்டி 1,135-ஆல் வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான மணிக் கட்டணம். தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் 261 நாளை 8 மணியால் பெருக்கி, 2,088-ஆல் வகுத்துவிடுகிறார்கள். கேட்க வேண்டியதில் ஏறக்குறைய பாதியைத்தான் கேட்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. பிறகு அந்தப் பள்ளத்தை விடுமுறை நாளில் உட்கார்ந்து நிரப்பப் பார்க்கிறார்கள்.

இதில் பொது விடுமுறையின் பங்கை மட்டும் பிரித்துப் பாருங்கள். 261-ஐ 249-ஆல் வகுத்தால் 1.048. அதாவது 100 கேட்டவர் 105 கேட்டால் 12 நாளுக்கும் ஊதியம் வந்துவிடும். ‘விடுமுறை எடுக்க எனக்குக் கட்டுப்படியாகாது’ என்று சொல்பவர்கள் இந்த 5 சதவீதத்தை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அடுத்து, யாருடைய காலண்டர்? வாடிக்கையாளர்கள் மூன்று நாட்டில் இருந்தால் எல்லா விடுமுறையையும் எடுக்க முடியாது. எதையுமே எடுக்காமல் விடுவதும் தவறு. சொந்த நாட்டுக் காலண்டரை முழுதாக எடுத்துக்கொள்வதே குழப்பமில்லாத வழி. வாடிக்கையாளரின் விடுமுறைகளை ‘பதில் வராத நாள்’ என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு வேலை ஓடும், ஒப்புதல் மட்டும் வராது. ஆகவே சந்தேகங்களை 2 நாள் முன்பே திரட்டி அனுப்பிவிட வேண்டும். பிறை பார்த்து முடிவாகும் விடுமுறைகளில் தேதி ஒரு நாள் தள்ளிப் போகலாம்; அவற்றின் இரு பக்கமும் எந்தக் கெடுவும் வைக்காதீர்கள்.

பிரச்சினை பெரும்பாலும் வெடிப்பது ‘5 வேலை நாளில் தருகிறேன்’ என்ற வாக்கியத்தில். புதன்கிழமை கோப்பு கைக்கு வருகிறது. வாடிக்கையாளர் ஊரில் விடுமுறை எதுவும் இல்லை. அவர் வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய், புதன் என்று எண்ணி அடுத்த புதனுக்குக் காத்திருப்பார். இங்கே வெள்ளியும் திங்களும் விடுமுறை. நம் எண்ணிக்கை அடுத்த வெள்ளியில்தான் முடியும். இரண்டு பேர் சொல்வதும் சரி, நடுவில் 2 நாள் இடைவெளி. விலைப்புள்ளியில் ‘வேலை நாள்’ என்று எழுதாமல் தேதி, கிழமை, மணி, எந்த நாட்டு நேரம் என்ற நான்கையும் எழுதினால் இந்தச் சண்டை வராது. ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி போதும்: ‘வேலை நாள் என்பது திங்கள் முதல் வெள்ளி வரை, இணைப்பில் உள்ள 12 விடுமுறை நாள்கள் நீங்கலாக. அந்த நாள்களில் வேலை தேவைப்பட்டால் முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணம் ஒன்றரை மடங்கு, குறைந்தபட்சம் 2 மணி நேரத்துக்கு பில் ஆகும்.’ இணைப்பில் 12 தேதியும் இருக்கட்டும். ஒன்றரை மடங்கு என்று எழுதியதும் பாதி அவசரங்கள் அடுத்த வேலை நாள்வரை பொறுத்துக்கொள்ளும்.

மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் நாள் கணக்கில் கையெழுத்துப் போடக் கூடாது. ‘மாதம் 20 நாள்’ என்றால் 3 விடுமுறை வரும் மாதத்தில் குறையும் நாள்களை வாரக் கடைசியில்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். ‘மாதம் 80 மணி நேரம்’ என்று எழுதிவிட்டால் விடுமுறையைச் சுற்றி வேலையை நகர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவு எழுதிவைத்தும் விடுமுறை பறிபோவது கெடு வைத்த இடத்தால்தான். விடுமுறைக்கு மறுநாள் காலை ஒப்படைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டால் விடுமுறை நாள் முழுதும் அந்த வேலைக்குப் போய்விடும். விடுமுறை முடிந்து வரும் முதல் வேலை நாளில் எந்த ஒப்படைப்பும் கிடையாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கெடு இரண்டாம் நாள் மாலை. அதேபோல், விடுமுறைக்கு முந்தைய நாள் இணையதளத்தில் புதிய மாற்றத்தை ஏற்றுவதும், அச்சுக்குக் கோப்பு அனுப்புவதும் வேண்டாம். பிழை மறுநாள்தான் கண்ணில் படும். அப்போது சரிசெய்ய ஆள் நீங்கள் மட்டுமே.

தகவலை 3 வாரத்துக்கு முன் ஒருமுறை, 1 வாரத்துக்கு முன் ஒருமுறை சொன்னால் போதும். தானியங்கிப் பதில் சுருக்கமாக இருக்கட்டும்: ‘12-ம் தேதி வியாழன் பொது விடுமுறை. 13-ம் தேதி வெள்ளி காலை 10 மணிக்கு மேல் பதில் அனுப்புகிறேன். தளம் முடங்கியிருந்தால் மட்டும் அழைக்கவும்.’ மன்னிப்பும் காரணமும் தேவையில்லை. பதிலைப் போட்டுவிட்டு நீங்களே அரை மணி நேரத்தில் ‘சரி, பார்க்கிறேன்’ என்று வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால் அந்தப் பதிலுக்கு மதிப்புப் போய்விடும். அடுத்த விடுமுறையில் வாடிக்கையாளர் மின்னஞ்சல் அனுப்பமாட்டார், நேராக அழைப்பார். பதில் எழுதியே ஆக வேண்டுமென்றால் எழுதி, மறுநாள் காலை போய்ச் சேரும்படி நேரம் குறித்து வையுங்கள்.

பணம் வருவதிலும் விடுமுறை குறுக்கிடும். வெளிநாட்டிலிருந்து வரும் தொகை அனுப்புபவரின் வங்கி, நம் வங்கி இரண்டோடு, அந்தக் கரன்சிக்குரிய நாட்டின் வங்கி நாள்களையும் பார்க்கும். யூரோவில் பெரிய தொகைகளைத் தீர்க்கும் டி2 அமைப்பு வார இறுதிகள் தவிர ஜனவரி 1, புனித வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26 ஆகிய நாள்களிலும் மூடியிருக்கும். டிசம்பர் கடைசியில் கெடு முடியும் பில்லை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஜனவரி முதல் வாரச் செலவுக்குக் கையில் பணம் இருக்காது. அந்தப் பயமே அடுத்த விடுமுறையைத் தின்றுவிடும்.

‘விடுமுறை நாளில் அழைப்பு வராது, நிம்மதியாக வேலை ஓடும்’ என்பவர்கள் சொல்வதும் உண்மைதான். நிகழ்ச்சிகளைப் படமெடுப்பவர்களைப் போல, விடுமுறை நாளில்தான் தொழிலே நடக்கும் என்ற நிலையில் இருப்பவர்களும் உண்டு. அவர்கள் மாற்று நாள் எடுக்கட்டும். ஆனால் 30 நாளுக்குள், அந்த வேலைக்குச் சம்மதம் சொல்லும்போதே தேதியையும் காலண்டரில் பதிந்து. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிய நாள் திரும்ப வருவதில்லை. வேலை கிடைக்காமல் சும்மா இருந்த நாளையும் இந்தக் கணக்கில் ஈடாகச் சேர்க்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் ஓய்வெடுத்திருக்க மாட்டீர்கள், வேலை தேடியிருப்பீர்கள்.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை அல்ல. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி நேரத்துக்கும் அதற்கு மேலும் வேலை பார்ப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்ப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், ரத்தக்குழாய் அடைப்பால் வரும் இதய நோயில் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். பில் போடும் 5 மணி நேரத்தோடு மற்ற வேலைகளையும் சேர்த்து, விடுமுறையும் இல்லாமல் ஓடும் ஃப்ரீலான்சர் அந்த 55-ஐத் தொடுவது அரிதல்ல.

வேலை தருபவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை 6 மணிக்குக் கோப்பை அனுப்பி, ‘அவசரமே இல்லை, விடுமுறை முடிந்த அன்று காலை கிடைத்தால் போதும்’ என்று எழுதாதீர்கள். அந்தக் கோப்பை ஒரு நாள் முன்னதாக அனுப்புங்கள், அல்லது கெடுவை ஒரு நாள் தள்ளி வையுங்கள்.

இப்படிக்கு,
ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்