நாலாவது அத்தியாயம்

சிதம்பரம்
30 ஜூலை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். கொள்ளிடத்தில் தண்ணீர் வந்துவிட்டதாம், நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கடையை விட்டு நகர்ந்தால்தானே.

கடிதத்தில் பாதி பாப்பாவைப் பற்றிய புலம்பல். கைநிறையச் சம்பளம் வாங்கிய பெண் வேலையை விட்டுவிட்டுத் தென்னந்தோப்புச் சிலந்திகளைப் பற்றி பிஎச்.டி. பண்ணப் போகிறாள், "இதையெல்லாம் எவன்டா படிப்பான்?" என்று கேட்டிருக்கிறாய். நான் படிப்பேன். இருபத்தாறு வருஷமாக அதுதானே பிழைப்பு? தட்டி, பிழை பார்த்து, அச்செடுத்து, ரெக்சின் அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்து அடித்துக் கொடுப்பதற்குள் ஒவ்வொரு பக்கமும் என் கண்ணில் பட்டுவிடும். எழுதியவரையும் கைடையும் விட்டால் கடைசிப் பக்கம் வரை புரட்டுகிற ஆள் பல சமயம் நான் ஒருவன்தான்.

அண்ணாமலைநகரில் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வேளாண்மை, தமிழ், இசை, இன்ஜினியரிங் எல்லாம் உண்டு. கடல் உயிரியலுக்குப் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் சேருகிற இடத்தில், தனி மையம். ஆகவே ஒரே வாரத்தில் என் மேசைக்கு நெல் தண்டுத் துளைப்பானும் வரும், தேவாரப் பண்ணும் வரும், பிச்சாவரத்து நண்டும் வரும். பெஞ்சில் நண்டுக்காரர் பக்கத்தில் பண்காரர் உட்கார்ந்திருப்பார். இவர் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். இரண்டு பேருக்கும் கவலை ஒன்றுதான்: "அண்ணே, நாளைக்குள்ள அஞ்சு காப்பி கெடச்சிடுமா?"

போன வாரம் ஒரு கூத்து. பைண்டிங்குக்கு அடுக்கி வைத்திருந்த இரண்டு ஆய்வேடுகளை ஆடிக் காற்று தூக்கிப் போட்டுவிட்டது. மேலே எடைக்கு எதுவும் வைக்காதது என் தப்பு. ஒன்று நெல்லுக்கு உரம் இடுவது பற்றி, மற்றது பள்ளி ஆசிரியர்களின் மனநிறைவு பற்றி. முந்நூறு நானூறு தாள் தரையில். முன்னுரையையும் முன்னோர் ஆய்வுகளையும் பிரித்து அடுக்குவது பெரிய வேலையாக இல்லை. ஆய்வு முடிவுகளைச் சொல்கிற நாலாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். 112 என்று பக்க எண் போட்டு இரண்டு தாள். இரண்டிலும் அட்டவணை. இரண்டிலும் சராசரி, திட்ட விலக்கம், டி மதிப்பு, கீழே 0.05 அளவில் முக்கியத்துவம் உண்டு என்று ஒரு வரி. எக்டேருக்கு இத்தனை கிலோ என்று இருந்தால் நெல், அரசுப் பள்ளி தனியார் பள்ளி என்று இருந்தால் ஆசிரியர். முந்தின பக்கத்திலிருந்து தொடர்கிற அட்டவணையில் அதுவும் இல்லை, வெறும் எண்கள். கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து வைத்து ஒவ்வொரு தாளாக ஒப்பிட்டு முடிக்கும்போது ராத்திரி பதினொன்று.

அந்த டி மதிப்பைத் தருகிற டி-டெஸ்ட், அதாவது இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே உள்ள வித்தியாசம் நிஜமா தற்செயலா என்று பார்க்கிற கணக்கு, எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். பீர் ஆலையிலிருந்து வந்திருக்கிறது, செல்வம்! டப்ளினில் கின்னஸ் ஆலையில் 1899ல் வேலைக்குச் சேர்ந்த வில்லியம் காசெட் என்பவர் கண்டுபிடித்தது. எந்த ரக பார்லி நல்லது என்று அவர் சொல்லியாக வேண்டும். கையில் இருப்பதோ சில வயல்களின் விளைச்சல். அப்போதிருந்த கணக்கு முறைகள் நூற்றுக்கணக்கில் மாதிரி இருந்தால்தான் சரிப்பட்டு வரும். நாலைந்து மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அவர் கேள்வி. லண்டனில் புள்ளியியல் அறிஞர் கார்ல் பியர்சனிடம் ஒரு வருஷம் இருந்து, 1908ல் 'பயோமெட்ரிகா' இதழில் பதிலை வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனியில் அனுமதி இல்லையாம், அதனால் 'ஸ்டூடன்ட்' என்று புனைபெயர். நான் இத்தனை வருஷமாக 'ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட்' என்று தட்டும்போதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வைக்கிற ஏதோ டெஸ்ட் என்றே நினைத்திருக்கிறேன். ஒரு தடவை தமிழ் ஆய்வேடு ஒன்றில் 'மாணவர் தேர்வு' என்று நானாகவே மாற்றி அடித்தும் விட்டேன். கைடு உட்பட யாருக்கும் கண்ணில் படவில்லை.

பல குழுக்களின் சராசரியை ஒரே சமயத்தில் ஒப்பிடுகிற அனோவா என்ற கணக்கும் வயலில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843லிருந்தே உரச் சோதனை நடக்கிறது. குவிந்து கிடந்த அந்தக் கணக்குகளைப் பார்க்க 1919ல் போன ரொனால்டு ஃபிஷர் அங்கேதான் அனோவாவை உருவாக்கினார். ஆக, நெல் ஆய்வேட்டில் இருப்பது அதன் சொந்த வீட்டுச் சாமான், ஆசிரியர்காரர் இரவல் வாங்கியிருக்கிறார். ஆனால் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று ஐந்து கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்வது மனோதத்துவக்காரர் சரக்கு, 1932ல் லிக்கர்ட் கொண்டுவந்தது. அதை இப்போது வேளாண் விரிவாக்கத்துக்காரர்கள் விவசாயியிடம் நீட்டுகிறார்கள். கொடுக்கல் வாங்கல் சரியாய்ப் போச்சு.

எல்லோரும் புரிந்துகொண்டு செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. நிஜத்தில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் தென்பட எத்தனை வாய்ப்பு என்று சொல்வது பி மதிப்பு. "அண்ணே, பி மதிப்பு சின்னதா இருந்தா நல்லதா, பெரிசா இருந்தா நல்லதா?" என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. பைண்டிங் கடைக்காரனிடம்! அதனாலேயோ என்னவோ பண்காரரின் ஆய்வேடுதான் எனக்குப் பிடித்தம். அட்டவணையே கிடையாது. பக்கத்துக்குப் பக்கம் பாட்டு. சீர் பிரித்து அடிப்பதற்குள் முதுகு ஒடிந்துவிடும், ஆனால் அந்தத் தாள்கள் பறந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிவிடலாம்.

சிலந்தியால் யாருக்கு என்ன லாபம் என்பதற்கு எனக்குப் பதில் தெரியாது. யானைக் கதை ஒன்று தெரியும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமார், நிர்மலன் என்று இரண்டு பேர் யானையின் உடம்பு மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்று அளந்தார்கள். 2002ல் அதற்கு இக் நோபல் கொடுத்தார்கள், முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு. நானும் முதலில் சிரித்தேன். தோலின் பரப்பு தெரியாமல் அவ்வளவு பெரிய உடம்பு எவ்வளவு சூட்டை வெளியே விடும் என்று எப்படிக் கணக்குப் போடுவது? அவர்கள் கொடுத்த சூத்திரத்துக்கு யானையின் உயரமும் முன்பாதத்தின் சுற்றளவும் போதும். அப்படிச் சூத்திரம் கட்டும் முறையும் இரவல்தான். பெற்றோர் உயரத்துக்கும் பிள்ளைகள் உயரத்துக்கும் என்ன உறவு என்று 1886ல் கால்ட்டன் போட்ட கணக்கிலிருந்து வந்தது.

பாப்பாவிடம் எத்தனை தோப்பு என்று கேள். நாலைந்துதான் என்றால் அவளுக்கும் பீர் ஆலைக்காரர்தான் துணை. பைண்டிங் என் செலவு. முதுகில் பெயர் தமிழிலா இங்கிலீஷிலா என்று மட்டும் அவள் யோசித்து வைக்கட்டும், இன்னும் நாலு வருஷம் இருக்கிறது.

மார்கழியில் ஆருத்ராவுக்கு வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. மாடி ஏற வேண்டாம், கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன். இப்போதைக்கு அங்கே பழைய ஆய்வேடுகள்தான் குடியிருக்கின்றன, அட்டை போட்டு ரெடியாகியும் வாங்க வராதவர்களுடையது.

அன்புடன்,
கணேசன்