துண்டில் எழுதியதை எனக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும்

மோட்டார் வாகனப் போக்குவரத்து ஆணையாளர் நாயகம் அவர்களுக்கு,

நான் மட்டக்களப்பில் வேன் ஓடுகிறவன். கொழும்பு ஹயர், கல்முனைக்குக் கிளினிக் போகிற நோயாளிகள் என்று கிழமையில் ஆறு நாளும் ரோட்டில்தான் இருப்பேன். பொலிஸ் எழுதித் தருகிற தண்டத் துண்டையும், சாரதியின் பெயரில் ஏறுகிற குற்றப் புள்ளியையும் பற்றித்தான் எழுதுகிறேன்.

வேகமாகப் போகிறவனுக்குத் தண்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கல்லடிப் பாலம் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஊரும் ஊரும் ஒட்டியே கிடக்கின்றன. பள்ளிக்கூட வாசலும் கோயிலும் பள்ளிவாசலும் ரோட்டோரத்தில். மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிற வண்டியைவிட 70இல் வருகிற வண்டி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வலுவோடு இடிக்கும். 50 என்ற வேக எல்லை அங்கே கட்டாயம் வேண்டும்.

சென்ற வருடம் நானே 63இல் போய் மாட்டினேன். தப்பு என்னுடையது. மறித்த பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிள் சீற்றில் புத்தகத்தை வைத்து மளமளவென்று எழுதி, லைசன்ஸை வாங்கிக்கொண்டு துண்டைக் கையில் தந்தார். அச்சடித்த எழுத்து மூன்று மொழியிலும் இருந்தது. கையால் எழுதியது முழுக்கச் சிங்களம். தபால் கந்தோரில் வரிசையில் நின்ற ஒருவர்தான் வாசித்துச் சொன்னார்: “அண்ணே, வேகம் எண்டு இல்லையே, வெள்ளைக் கோட்டை வெட்டி முந்தினது எண்டுதான் கிடக்கு.”

போய்க் கேட்டிருக்கலாம். ஆனால் 14 நாளுக்குள் கட்டாவிட்டால் தண்டம் இரட்டிப்பாகும், 28 நாள் கடந்தால் வழக்கு. லைசன்ஸை மீட்காமல் தொடர்ந்து ஹயர் ஓடவும் முடியாது. கட்டினேன், பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸை மீட்டேன், அதோடு மறந்துவிட்டேன்.

குற்றத்துக்குக் குற்றம் சாரதியின் பதிவில் புள்ளி ஏற்றுகிற புள்ளி முறையில் அப்படி மறக்க முடியாது. 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சட்டத்தில் ஏறிய முறை அது. 24 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் போகும் என்கிறார்கள். பணம் கட்டினால் தண்டம் தீரும், புள்ளி தீராது. செய்யாத குற்றத்துக்கு விழுந்த புள்ளியும் என் பெயரிலேயே நிற்கும். எனக்கு லைசன்ஸ் போனால் வீட்டில் அடுப்பு எரியாது, ஐயா.

அதனால் கேட்கிறேன். கிழக்கில் தமிழ்ச் சாரதிக்கு எழுதுகிற துண்டைத் தமிழிலேயே எழுதச் செய்யுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி என்று 1988இல் வந்த 16ஆவது திருத்தம் சொல்கிறது. புள்ளி ஏறுவதற்கு முன்னால், என்ன குற்றம், எத்தனை புள்ளி என்று போனுக்குத் தமிழில் ஒரு செய்தி வரட்டும். பிழை என்றால் மறுத்துச் சொல்ல நாள் கொடுங்கள், அந்த நாட்களில் தொழில் நின்றுபோகாத மாதிரி. பதிவில் எத்தனை புள்ளி நிற்கிறது, எப்போது கழியும் என்பதையும் சாரதி நினைத்த நேரம் பார்க்க முடிய வேண்டும்.

அந்தத் துண்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேன் சாரதி,
மட்டக்களப்பு