திருப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கடல் எதற்கு?

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணம் கூடிவந்ததைப் படித்து அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மற்றபடி எல்லாரும் நலம்.

"உங்கள் பள்ளியில் கடலைப் பற்றிப் பாடம் நடத்துவது சரி, திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது எதற்கு?" என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் இங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரையை ஒட்டி, தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. 1986இல் அவை தேசியப் பூங்காவாயின. இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் போய்விட்டன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியமான காரணம். இதையும், கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவையும் வகுப்பில் சொல்லி, கடலைக் காப்பது நம் கடமை என்று முடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அப்படியென்றால் எங்கள் அம்மா செய்வது தப்பா, டீச்சர்?"

அவள் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். இந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் தீவுகளைச் சுற்றிய கடலில் முங்கிப் பாசி எடுத்துத்தான் குடும்பத்தை நடத்துகிறார்கள். தீவுகள் பூங்காவாகிவிட்டதால், வனத்துறையினர் எங்கே பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தோடுதான் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முன்னால் நின்று "கடலைக் காப்பாற்றுங்கள்" என்றால், அது அவர்கள் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். பெற்றவளைக் குற்றவாளியாக்கும் பாடத்தை எந்தப் பிள்ளை மனதில் ஏற்றிக்கொள்ளும்?

அதனால் அடுத்த வாரம் அந்தத் தாய்மார்களையே வகுப்புக்கு அழைத்தேன். முதலில் கூச்சப்பட்டார்கள், பிறகு நிறுத்தவே முடியவில்லை. மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்குவார்களாம், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மீன்பிடித் தடைக்காலத்தில் பாசியின் பக்கமே போவதில்லை. இரும்பால் சுரண்டும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள். மரிக்கொழுந்துப் பாசி மறுபடி தழைக்கும்படி கையால்தான் பறிக்கிறார்கள். இதெல்லாம் அவர்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லெட்சுமி அக்கா 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்கும் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பின் பரிசைப் பெற்றது இந்தப் பெண்களுக்கெல்லாம் கிடைத்த பெருமைதான். கடலைப் பேணுவதைப் பற்றி இதைவிட நல்ல பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலிருந்து நடத்துவேன், செல்வி? அன்று கேள்வி கேட்ட பெண், அவள் அம்மா பேசி முடிக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். இந்தப் பெண்கள் கட்டக்கோரை என்றொரு பாசியும் எடுக்கிறார்கள். அதிலிருந்து கிடைப்பது அல்ஜினேட். துணியில் அச்சிடும் சாயக் குழம்பு பரவாமல் கெட்டியாக நிற்க அதைத்தான் கலக்கிறார்கள். உன் மாணவர்களில் பலருடைய அப்பாக்கள் பிரிண்டிங் பட்டறைக்குப் போகிறவர்கள் என்று எழுதியிருந்தாயே, அவர்களிடம் பிள்ளைகள் கேட்டுவரட்டும். உன் ஊர்ச் சட்டையில் கடல் இருக்கிறது.

உன் ஊரும் கடலில் இருக்கிறது. நொய்யல் காவிரியில் கலக்கிறது, காவிரி பூம்புகாரில் வங்கக் கடலில் கலக்கிறது. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால் 2011இல் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது ஊரே பேச்சற்றுப்போனதை நீ அப்போது எழுதியிருந்தாய். ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்று அன்று பேசினோம், ஆறு போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உன் பிள்ளைகள் நொய்யலை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து கடல்வரை போகட்டும். அதுவே அவர்களுக்கு முதல் கடல் பாடம்.

இன்னொன்றும் உண்டு. 2004 சுனாமியின்போது தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி இருந்தாள். அவளுடைய சர்ரே மாவட்டத்துக்குக் கடற்கரையே கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் ஆண்ட்ரூ கியர்னி என்ற ஆசிரியர் சுனாமியைப் பற்றி நடத்தியிருந்தார். கடல் நுரைத்துக் குமிழியிடுவதைக் கண்டதும் அவளுக்கு அது நினைவு வந்தது. சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் பிடிவாதம் பிடித்தாள், அதனால் கரையைக் காலிசெய்தார்கள், அங்கிருந்தவர்கள் எல்லாரும் தப்பினார்கள். அதே நாளில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். கடலோடு பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கே அந்தக் கடலின் அந்த முகம் தெரிந்திருக்கவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஆகவே அம்மாக்களுக்குத் தெரிந்ததும் வேண்டும், வகுப்பறையில் கிடைப்பதும் வேண்டும்.

2021 முதல் 2030 வரை ஐக்கிய நாடுகள் சபையின் பெருங்கடல் பத்தாண்டு. எல்லா நாட்டுப் பாடத்திட்டத்திலும் 2025க்குள் கடல் இடம்பெற வேண்டும் என்று யுனெஸ்கோ கேட்டுக்கொண்டது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருநாள் கடற்கரையில் குப்பை பொறுக்கிப் படம் பிடித்துக்கொள்வதோடு அது முடிந்துவிடக் கூடாது.

காலாண்டு விடுமுறையில் உன் மாணவர்களில் பத்துப் பேரையாவது அழைத்துக்கொண்டு வா. அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வந்தால்தான் தாய்மார்கள் பாசியோடு கரையேறுவதைப் பார்க்கலாம், நாள்காட்டியைப் பார்த்துத் தேதி எழுது. எங்கள் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ளலாம், சாப்பாட்டை அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். வரும்போது அந்தச் சாயக் குழம்பில் கொஞ்சம் ஒரு புட்டியில் கொண்டுவர முடியுமா? தாங்கள் பறித்த பாசி என்னவாகிறது என்று இங்கே ஒருவரும் பார்த்ததில்லை.

அன்புடன்,
ஸ்டெல்லா