வெண்டிலேட்டர் பேட்டரி பற்றி மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மின்சாரம் நின்றுபோனால் உன் வெண்டிலேட்டர் பேட்டரியில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று சென்ற கடிதத்தில் கேட்டிருந்தேன். புதிய வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நீ, அதற்கு மட்டும் "எல்லாம் நன்றாகவே இருக்கிறது அப்பா" என்று ஒரு வரியில் முடித்துவிட்டாய். உன் அம்மாவுக்கு அந்த வரி போதுமாம். எனக்குப் போதவில்லை.

நீ அனுப்பிய படத்தில் பேட்டரி சார்ஜர் கட்டிலின் மேல், போர்வை மடிப்புக்குள் பாதி மறைந்து கிடக்கிறது. அது இயந்திரத்தோடு வந்த சார்ஜராகவும் தெரியவில்லை. முனை பொருந்திவிட்டால் எந்தச் சார்ஜரும் சரியாகிவிடும் என்று உன் சித்தப்பா சொல்வார். நீ சொல்லக் கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் வழக்கமான லித்தியம் அயன் செல் ஒவ்வொன்றுக்கும் 4.2 வோல்ட்தான் சார்ஜ் ஏற்றும் மேல் எல்லை. அதைத் தாண்டவிடாமல் தடுக்கும் காவல் மின்சுற்று பேட்டரிக்குள் இருப்பது உண்மை என்றாலும், அது கடைசித் தடுப்பே தவிர, அன்றாடம் நம்பியிருக்க வேண்டிய ஒன்றன்று. செல்லின் இரு மின்வாய்களையும் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம்தான் பிரித்து வைத்திருக்கிறது. அது பாலிஎத்திலீனாக இருந்தால் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸில் உருகும். அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே செல்லுக்குள் வேதிவினைகள் தொடங்கித் தாமாகவே வெப்பத்தைக் கூட்டிக்கொள்ளும். அதன்பின் பிளக்கைப் பிடுங்கினாலும் அது நிற்காது. ஆகவே சார்ஜர் கட்டிலில் வேண்டாம். காற்றுப் படும், கடினமான, தீப்பற்றாத ஒரு பரப்பில் வை. ஆனால் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் வைக்காதே. தீ என்றால் உடனே வெளியே ஓடு என்று மற்றவர்களுக்குச் சொல்வது போல உனக்குச் சொல்ல முடியாதே அம்மா. நீ வெளியேற வேண்டிய வழியில் அது எரிந்துகொண்டிருக்கக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பில் மின்வேதியியலை எனக்கே பாடம் நடத்தியவள் நீ. உனக்கு இதையெல்லாம் எழுதுவது எனக்கே வேடிக்கையாகத்தான் இருக்கிறது. தெரிந்தவள் ஏன் செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தீயைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. மருத்துவச் சாதனத்தில் பேட்டரி சத்தமில்லாமல் தீர்ந்துபோவதும் அதே அளவு ஆபத்துதான். அமெரிக்காவில் 2024இல் நீரிழிவு உள்ளவர்களின் உடலுக்குள் இன்சுலினைச் செலுத்தும் ஒரு பம்ப்பின் கைபேசிச் செயலி நின்று நின்று மீண்டும் தொடங்கியதால், பம்ப்பின் பேட்டரி எதிர்பார்த்ததைவிட விரைவில் தீர்ந்து, 200க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அங்கே பேட்டரியில் குறையே இல்லை. செயலியின் கோளாறுதான் அதிலிருந்த மின்சாரத்தை விரைவில் தீர்த்துவிட்டது, அவ்வளவுதான். உன் பேட்டரியும் பழையதாகிக்கொண்டு வருகிறது. சில நூறு முறை முழுமையாக ஏற்றி இறக்கினாலே கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது வழக்கம். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயது ஏறத்தான் செய்யும். திரையில் நூறு விழுக்காடு என்று காட்டுவது, இப்போது மிஞ்சியிருக்கும் கொள்ளளவில் நூறுதான். புதிதாக வாங்கியபோது இருந்த நூறு அன்று. அதனால்தான் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மீண்டும் கேட்கிறேன். கையேட்டில் அச்சடித்திருக்கும் நேரம் எனக்கு வேண்டாம். உன் இயந்திரத்தில் உனக்காக வைத்திருக்கும் காற்றழுத்த அளவில், உன் மாஸ்க்கில், மெய்யாகவே ஓடும் நேரம் வேண்டும். இதைப் பகலில், மருத்துவக் குழுவிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் சோதித்துப் பார். தனியாகச் செய்யாதே.

உபரிப் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைத்தால் நீண்ட நாள் உழைக்கும் என்று எங்கோ படித்ததாகச் சொன்னாய். எப்போதோ எடுக்கும் கேமராவுக்கு அந்த அறிவுரை பொருந்தும். மூச்சைத் தாங்கும் இயந்திரத்தின் பேட்டரி சீக்கிரம் தேய்ந்தாலும் தேயட்டும், முழுதாக நிரம்பியே இருக்கட்டும். புதிதாக வாங்குவதென்றால் இயந்திரத்தைத் தயாரித்தவர்கள் தருவதையே வாங்கு. மலிவான மாற்றுப் பேட்டரியின் மேல் ஐ.இ.சி. 62133 என்ற பன்னாட்டுப் பாதுகாப்புத் தர எண்ணை அச்சடிக்க யாராலும் முடியும். பணம்தான் தடை என்றால் சொல். நீ சொல்ல மாட்டாய் என்பது தெரியும். அதற்காகத்தான் நானே எழுதுகிறேன்.

சென்ற வாரம் நாம் பேசிக்கொண்டிருந்தபோது, "பேட்டரியை மாற்றிவிட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நீ உடனே மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினாய். நான் எதுவும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் பேட்டரியை மாற்றுகிறவர் எவராயினும் அவருக்குச் சிலவற்றைத் தெரிவித்தாக வேண்டும். பேட்டரி உப்பியிருந்தாலோ, இனிப்பு கலந்த வேதிவாடை வந்தாலோ, கையில் வைக்க முடியாதபடி சுட்டாலோ, அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் சார்ஜில் போடவோ கூடாது. கழற்றி எடுப்பது பாதுகாப்பாக இருந்தால் மட்டும் கழற்றி, எரியக்கூடிய பொருள்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். புகை வந்தால் பேட்டரியை விட்டுவிட்டு முதலில் உன்னை வெளியே கொண்டுவர வேண்டும். அந்தப் புகை நச்சு. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பை எங்கே தொங்குகிறது என்பது இருட்டிலும் அவர் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ தூங்கும்போது மாஸ்க்கோடு இருப்பாய். அலாரத்தைக் கேட்டு எழ வேண்டியவர் நீயல்லர். எழுவதற்கு ஒருவர் இருந்தால் அது எனக்கு நிம்மதியே தவிர வேறொன்றும் இல்லை. உன் அம்மாவுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன், அவள் வாய்திறந்து சொல்லாவிட்டாலும்.

பேட்டரியின் பின்புறத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு. தயாரித்த மாதமும் ஆண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். சென்ற முறை போல விரல் மறைக்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா