தண்ணீர்த் திகதிக்கு முன் தீர்மானிக்க வேண்டிய திகதி

மாரிகால நெற்செய்கையான பெரும்போகத்தின் ஆரம்பக் கூட்டங்களில் எங்களுக்கு எதிரே அமரும் அம்பாறை மாவட்ட உத்தியோகத்தர்களுக்கு,

மதிப்புக்குரியீர்,

உங்களில் எவரும் கடமை தவறினீர்கள் என்று முறையிட நான் இம்மடலை எழுதவில்லை. தண்ணீர்த் திகதியாகக் குறித்த நாளில் மதகு திறக்கப்படுகிறது. உரப் பட்டியல் ஒழுங்காக இருக்கிறது. அரச நெல் கொள்வனவில் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியும் கருவி வைத்து அளந்தே கடைப்பிடிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் அறுவடைக் காலத்தில் அக்கரைப்பற்றுப் பக்கத்துத் தார் வீதிகளில் பாதியைக் காயப்போட்ட நெல் பிடித்துக்கொள்கிறது.

தாக்கத்தியால் வெட்டி, உப்பட்டி போட்டு (அரிந்த கதிரை வயலில் பரப்பி), சூடு வைத்த (போராகக் குவித்த) காலத்தில் நெல் களவெட்டியில் (சூடடிக்கும் களத்தில்) மூட்டையாகும் முன்னரே காய்ந்துவிடும். வெட்டு மெஷின் வந்ததும் மூன்று வேலைகள் ஒன்றாயின. கூலியும் நாளும் மிஞ்சின. ஆனால் அந்த இடைவெளியில் தானாக நடந்துவந்த உலர்த்தல் காணாமற்போனது. அது எவருடைய பணியாகவும் இருந்ததில்லை என்பதால், அது போனதை எவருடைய அறிக்கையும் காட்டவில்லை. ஈர நெல்லை அரச களஞ்சியம் ஏற்காது. விலையை வாசலில் லொறியோடு நிற்கும் வியாபாரி சொல்கிறார்.

செயன்முறையை மட்டும் நிர்வகிப்பவர் தன் படியைச் சரிபார்ப்பார். முறைமையை நிர்வகிப்பவர் ஒரு படி அடுத்த படிக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பார். எல்லா வயற்கண்டங்களிலும் மூன்றரை மாத நெல்லை ஒரே வாரத்தில் விதைக்கச் செய்வது நீர் விநியோகத்துக்கு நேர்த்தியானதே, ஆனால் அதே நேர்த்திதான் 105 நாட்களின் பின் மெஷினுக்கும் உலர்த்த இடத்துக்கும் அடிபிடியை உண்டாக்குகிறது.

இது நமக்குப் புதிய பாடமுமல்ல. நீர் மிகக் குறைந்திருந்த 1981இல், நம் மாவட்டத்துக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் விவசாயிகள் வாய்க்கால் வாரியாகக் கூடி, முறைவைத்துப் பாய்ச்சி, கடைமடைக்கும் தண்ணீர் விட்டார்கள். திருத்த வேலைகள் முடியுமுன்பே, பழைய வாய்க்காலிலேயே அது நடந்தது.

விதைப்பை நீட்டினால் குளத்து நீர் வீணாகும் என்ற பொறியியலாளரின் கவலை நியாயமானது. ஆகவே விதைப்பு ஒரே வாரத்திலேயே இருக்கட்டும்; கடைமடைக் கண்டங்களுக்கு மூன்று மாத நெல்லை ஒதுக்கினால் அறுவடை ஏறக்குறைய 15 நாள் பிரியும், அங்கு தண்ணீரையும் முன்கூட்டியே நிறுத்தலாம். வரும் கூட்டத்தில் களஞ்சியம் திறக்கும் திகதியையும் உலர்த்தும் இடங்களையும் முதலில் பதிந்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தண்ணீர்த் திகதியை எழுதும்படியும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அனைத்துக்கும் பொறுப்பாக ஓர் உத்தியோகத்தரைப் பெயர் குறித்து நியமிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கடைமடைக் கண்டமொன்றின் வட்டவிதானை (நீர்ப்பங்கீட்டைக் கவனிப்பவர்)