மேட்டுப்பாத்திக்கு மரக்குற்றி சேர்ப்போம்

வணக்கம் உறவுகளே. மாரி தொடங்க முதல் பொதுத்தோட்டத்தில் மேட்டுப்பாத்தி போட்டு முடிக்க வேண்டும். அடியில் புதைக்கும் மரம் மழைநீரை உறிஞ்சி வைத்து வேருக்குக் கொடுக்கும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் மிச்சம். இங்கே சுண்ணாம்புக்கல் மேலேயே தட்டுப்படும். ஒரு அடி வெட்டினால் போதும், மிச்சத்தை மேலே உயர்த்தலாம்.

வளவில் உக்கத் தொடங்கிய மா, முருங்கை, தென்னங்குற்றிகளை எரித்துவிடாதீர்கள். விரலால் அழுத்தினால் பொருபொருவென்று உதிரும் குற்றிதான் திறம். பச்சைப் பூவரசங்கட்டை வேண்டாம், துளிர்த்துவிடும். அதன் குழையை மட்டும் கொண்டு வாருங்கள். உக்கும் மரம் தொடக்கத்தில் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் குழையும் மாட்டெருவும் தாராளமாக வேண்டும். முதல் போகத்துக்குத் தழைச்சத்து அதிகம் கேட்கும் மிளகாயை விட்டுப் பயிற்றங்காய் நடுவோம் என்பது என் எண்ணம்.

ஞாயிறு காலை 7 மணிக்கு மண்வெட்டியோடு வாருங்கள். குற்றி ஏற்ற யாரிடமாவது லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இருந்தால் சொல்லுங்கள்.