மணலி ஆலைகளின் கேட்டில் ஒரு பட்டியல் வையுங்கள்

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவொற்றியூர்க்காரன். மணலியில் ஷிப்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

ஆலைக் கட்டடம் ஒன்று வெடித்துச் சரிந்தால், வண்டியை விட்டு இறங்கும் தீயணைப்பு வீரர் முதலில் கேட்பது "உள்ளே எத்தனை பேர்?" என்பதைத்தான். பல இடங்களில் அதற்குப் பதில் கிடைக்காது. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேடு ஆபீஸ் அறையில் இருக்கும், அந்த அறையே இடிந்து கிடக்கும். காண்ட்ராக்ட் ஆட்களின் பெயர் மேஸ்திரியின் செல்போனில் இருக்கும், மேஸ்திரியும் உள்ளே மாட்டியிருப்பார்.

எண்ணிக்கை தெரியாவிட்டால் என்ன ஆகும்? ஆபத்தான வாயு இருக்கிறதா என்று காட்டும் கேஸ் மீட்டரை நீட்டிப் பார்த்து, தொங்கும் பீமுக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்து, அடி அடியாகத்தான் உள்ளே போக முடியும். முதுகில் சுமக்கும் மூச்சுக்காற்று சிலிண்டர் கடும் வேலையில் அரை மணி நேரம் தாங்கினாலே பெரிது. யாருமே இல்லாத அறையைத் தேடி அந்தக் காற்றைத் தீர்த்துவிட்டால், ஆள் கிடக்கும் அறைக்கு அடுத்த சிலிண்டர் மாட்டித்தான் போக வேண்டும்.

அப்புறம் ஒரு கட்டத்தில் ஜேசிபி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். கான்கிரீட்டில் மூன்று தட்டுத் தட்டி, குரல் கொடுத்து, காதை வைத்துக் கேட்பார்கள். கூட்டத்தில் ஒரு செல்போன் அடித்தாலும் அந்த நேரம் வீண். உள்ளே கிடப்பவர் ஒடிசாக்காரராகவோ பீகார்க்காரராகவோ இருந்தால் தமிழில் கூப்பிடுவது புரியாமல் போகலாம். எத்தனை பேர் என்பதோடு, யார், என்ன மொழி பேசுபவர் என்பதும் பட்டியலில் இருந்தால் அவர் பாஷையிலேயே கூப்பிடலாமே. 2014இல் மௌலிவாக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோதும், அவர்களில் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

என்ன இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே போவதும் ஆபத்துதான். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போன வீரர், அங்கிருந்த கேஸ் சிலிண்டர் வெடித்து இறந்தார். சுற்றி நின்றவர்களில் பலர் கருகினார்கள். எங்கள் பகுதி இன்னும் அதை மறக்கவில்லை.

போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு வந்த 1989ஆம் ஆண்டு ரசாயன விதிகள், பெரிய ஆலைகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. நான் பார்த்த ஒத்திகைகளில் சைரன் அடிக்கும், நிரந்தரத் தொழிலாளர்கள் கூடும் இடத்தில் வரிசையாக நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்கள் வேலையை விடாமல் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் எண்ணியதில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியம் அல்ல. செக்யூரிட்டி அறைக்கு வெளியே, கேட்டை ஒட்டி ஒரு சிவப்புப் பெட்டி. அதில் அந்த ஷிப்டில் உள்ளே போனவர்களின் பெயர், மொழி, வேலை செய்யும் இடம். கூடவே கட்டட வரைபடம், எந்த மூலையில் என்ன ரசாயனம் என்ற குறிப்பு. எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும், கரண்ட் போனாலும் படிக்கலாம். ஷிப்டுக்கு ஷிப்ட் மாற்ற வேண்டும். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்து ஆட்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டு, அந்தப் பட்டியலை வைத்தே தேடச் சொல்ல வேண்டும்.

மாதவரம் பக்கத்துக் குடோன்களையும் விட்டுவிடாதீர்கள். 2020 பிப்ரவரியில் அங்கே ரசாயனக் குடோன் எரிந்த புகை ஊருக்கே தெரிந்தது. சிறிய இடம் என்று விதிக்கு வெளியே நிற்பவற்றுக்கும் இந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கி ஆணை போடுங்கள்.

இப்படிக்கு,
மணலியில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி